'கட்' சொல்லாத ஒன்றரை மணி நேரம்... 'ரஷ்யன் ஆர்க்' படத்தைக் காப்பாற்றிய கடைசி பேட்டரி!

2001 டிசம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். டிசம்பரில் அந்த ஊரில் சூரியன் தலைகாட்டுவதே ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. உலகின் மிகப்பெரிய அருங்காட்சியகங்களில் ஒன்றான ஹெர்மிடேஜ், அன்று பார்வையாளர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. உள்ளே, பட்டு கவுன்களும் ராணுவ உடுப்புகளும் அணிந்து இரண்டாயிரத்துக்கும் அதிகமான நடிகர்கள், துணை நடிகர்கள். கூடவே மூன்று இசைக்குழுக்கள். மேக்கப் போட்டாயிற்று, விளக்குகள் ஏற்றியாயிற்று. எல்லோரும் ஒரே ஒருவரின் நடைக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் டில்மன் பியூட்னர். ஜெர்மன் ஒளிப்பதிவாளர். 'ரன் லோலா ரன்' படத்தில் லோலாவைத் துரத்திக்கொண்டே ஓடியது இவருடைய ஸ்டெடிகேம்தான். கேமரா குலுங்காமல் இருக்க உடம்போடு கட்டிக்கொள்ளும் கருவி அது. அன்றைக்கு அவர் உடம்பில் ஏறியிருந்த எடை சுமார் 35 கிலோ. ஒரு மூட்டை சிமென்ட்டின் எடையில் பாதிக்கும் மேல். அதைச் சுமந்துகொண்டு 33 அறைகள் வழியாக, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. உட்காரக் கூடாது. இயக்குநர் 'கட்' சொல்ல மாட்டார்.

முதல் முயற்சி தொழில்நுட்பக் கோளாறால் நின்றது. மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார்கள். இரண்டாவதும் நின்றது. மூன்றாவதும் நின்றது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பேட்டரியில் மிச்சமிருந்த சார்ஜ் இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் தாங்கும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்து போகவும் வழியில்லை. மறுநாள் அந்த அரண்மனை இவர்களுக்குக் கிடைக்காது. பல மாத ஒத்திகை, இரண்டாயிரம் பேரின் உழைப்பு எல்லாமே நான்காவது டேக்கில் வந்து நின்றன.

நான்காவது டேக் ஓகே ஆனது. அதுதான் 'ரஷ்யன் ஆர்க்'. 2002 மே மாதம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, இன்றுவரை சினிமா மாணவர்கள் வாயைப் பிளந்து பார்க்கும் படம்.

பத்து நிமிட ரீலும், நூறு நிமிட டிஸ்க்கும்

ஒரே ஷாட்டில் முழுப்படம் என்ற ஆசை சினிமாவுக்குப் புதிதல்ல. 1948-லேயே ஹிட்ச்காக் 'ரோப்' படத்தில் அதை முயன்றார். ஆனால், அன்றைய ஃபிலிம் கேமராவில் மாட்டும் ஒரு ரீல் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடினால் பெரிய விஷயம். ரீல் தீரும் நேரத்தில் ஒருவரின் கோட்டு முதுகை நோக்கி கேமராவைக் கொண்டுபோய் திரையை இருட்டாக்கி, புது ரீல் மாட்டி, அதே முதுகிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். பிற்காலத்து 'பேர்ட்மேன்', '1917' எல்லாமே இந்த வித்தையின் நவீன வடிவங்கள்தான். பல ஷாட்களைத் தையல் தெரியாமல் ஒட்டிய படங்கள்.

நிஜமாகவே ஒட்டு இல்லாமல் எடுக்க ஃபிலிம் ஒத்துழைக்காது. 'ரஷ்யன் ஆர்க்' குழு அதனால் டிஜிட்டல் பக்கம் போனது. அப்போது புதிதாக வந்திருந்த ஹெச்.டி. கேமராவில் எடுத்து, காட்சியை டேப்பில் பதியாமல், கேபிள் வழியாக ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பினார்கள். இதற்கென்றே தயாரான அந்த டிஸ்க்கின் கொள்ளளவு 100 நிமிடம். பியூட்னர் நடக்க நடக்க, பின்னாலேயே உதவியாளர்கள் கேபிளையும் கருவிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அத்தனை பேரும் ஒரு கண்ணாடியில்கூடத் தெரியக் கூடாது. அரண்மனைக்குள் கண்ணாடிக்குப் பஞ்சமா என்ன?

நம் ஊரில் 2022-ல் பார்த்திபனின் 'இரவின் நிழல்' வந்தபோது, ஒரே ஷாட் என்றால் என்ன, ஒருவர் சொதப்பினால் எல்லோரும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டுமா என்றெல்லாம் டீக்கடை வரை பேச்சு நடந்தது நினைவிருக்கும். 'நான்-லீனியர் சிங்கிள் ஷாட்' என்று அந்தப் படம் விளம்பரமானது. அதற்கு இருபது வருடம் முன்பே, செட் போடாமல், அசல் அரண்மனையின் அசல் ஓவியங்களுக்கும் நடுவே ஒருவர் இந்த விளையாட்டை ஆடிவிட்டார். ஒரு விளக்கு ஸ்டாண்ட் சரிந்திருந்தால் ரெம்ப்ராண்ட் ஓவியம் கிழிந்திருக்கும் என்ற பயத்தோடு.

இதில் ஒரு ரகசியம் உண்டு. படத்தில் கேட்கும் ஒலி அன்றைக்குப் பதிவானது அல்ல. எல்லாம் பிறகு சேர்த்தது. வழி நெடுகத் தானும் மற்றவர்களும் தவறு செய்தபோதெல்லாம் வாயில் வந்தபடி திட்டியிருப்பதாக பியூட்னரே பேட்டியில் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வசவுகளோடு ராணி கேத்தரினை யார் பார்ப்பது? ஒளியும் நிறமும்கூடப் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்யப்பட்டவை. 'வெட்டாத படம்' என்பது உண்மை. 'தொடாத படம்' என்று சொன்னால் அது பொய்.

யார் அந்தக் கறுப்பு கோட்டு ஆசாமி?

படத்தின் தொடக்கத்தில் திரை இருட்டு. ஒரு குரல் மட்டும் பேசுகிறது. ஏதோ விபத்து நடந்திருக்கிறது, தான் எங்கே இருக்கிறோம் என்று அந்தக் குரலுக்கே புரியவில்லை. குரலுக்குச் சொந்தக்காரர் இயக்குநர் அலெக்ஸாண்டர் சுகுரோவ். கடைசிவரை அவர் முகம் தெரியாது. நாம் பார்ப்பதெல்லாம் அவர் கண் பார்ப்பது. கண் திறந்ததும் எதிரே பனி, குதிரை வண்டி, சிரித்தபடி இறங்கும் பெண்களும் ராணுவ அதிகாரிகளும். அவர்கள் பின்னாலேயே ஒரு சின்னக் கதவு வழியாக நாமும் உள்ளே போகிறோம்.

உள்ளே ஒருவர் வந்து சேர்கிறார். கலைந்த தலைமுடி, கறுப்பு உடை, எதைப் பார்த்தாலும் ஒரு குத்தல் பேச்சு. நடிகர் செர்கேய் த்ரெய்தன் ஏற்ற இந்தப் பாத்திரத்தைப் படம் 'ஐரோப்பியர்' என்றுதான் சொல்கிறது. மூலம், மார்க்விஸ் தெ கஸ்தீன் என்ற பிரெஞ்சுப் பிரபு.

இந்தக் கஸ்தீனின் கதையே தனிப்படம் எடுக்கலாம். அவருடைய அப்பா, தாத்தா இருவரின் தலையும் பிரெஞ்சுப் புரட்சியில் கில்லட்டினில் போனது. மன்னராட்சிதான் நல்லது என்று நிரூபிக்க ஆதாரம் தேடி 1839-ல் ரஷ்யாவுக்குப் போனார். ஜார் மன்னரின் ஆட்சியை நேரில் பார்த்தார். மனம் மாறி ஊர் திரும்பி, ரஷ்யாவைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு புத்தகம் எழுதினார். 1843-ல் வெளியான அந்தப் புத்தகத்தை ரஷ்யா தடை செய்தது.

ஆக, படத்தில் இருவர் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். ஒருவர் தன் நாட்டின் மீது பாசமும் குழப்பமுமாக முணுமுணுக்கும் ரஷ்யர். இன்னொருவர், 'நீங்கள் எல்லாவற்றையும் எங்களைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள்தானே' என்ற தொனியிலேயே சுற்றிவரும் ஐரோப்பியர். 96 நிமிடப் படத்தின் உயிரே இந்த நச்சரிப்புதான். ராஜா ராணிகள் எல்லாம் வழியில் வருகிறவர்கள்.

ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு நூற்றாண்டு

ஒரு கதவைத் திறந்தால் மகா பீட்டர் தன் தளபதி ஒருவரைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொரு பக்கம், ராணி இரண்டாம் கேத்தரின் நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று அவசரமாகச் சிறுநீர் கழிக்க இடம் தேடி ஓடுகிறார்! 1764-ல் பெர்லின் வியாபாரி ஒருவரிடம் ஓவியத் தொகுப்பை வாங்கி இந்த அருங்காட்சியகத்துக்கு விதை போட்டவர் இவர். அவரை இப்படியா அறிமுகப்படுத்துவது என்று தோன்றும். கொஞ்ச நேரம் கழித்து அதே கேத்தரின் கிழவியாக, பனி மூடிய தோட்டத்தில், பணியாளர் துணையோடு தள்ளாடிச் சின்னப் பிள்ளைபோல ஓடுவதைப் பார்க்கும்போதுதான் அந்த முதல் காட்சியின் அருமை தெரியும். நடுவில் 'சில ஆண்டுகளுக்குப் பிறகு' என்று எழுத்து எதுவும் வராது. நாம் நாலு அறை நடந்திருக்கிறோம், அவருக்கு ஆயுளே முடிந்துவிட்டது.

இன்னோர் அறையில் இன்றைய பார்வையாளர்கள். பார்வையற்ற பெண் ஒருவர் வான் டைக்கின் ஓவியத்தைப் பற்றி ஐரோப்பியருக்கு விளக்குகிறார். வேறொரு பெண், ரெம்ப்ராண்டின் 'டானே' ஓவியத்தின் முன் நின்று அதனோடு ரகசியம் பேசுகிறார். இந்த 'டானே' 1985 ஜூன் மாதம் ஒருவர் கத்தியால் குத்தி ஆசிட் ஊற்றிய ஓவியம். சரிசெய்து மறுபடி மாட்டப் பன்னிரண்டு வருடம் ஆனது. படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. தெரிந்தவர்களுக்கு அந்தப் பெண் ஏன் அவ்வளவு மெதுவாகப் பேசுகிறார் என்று தோன்றும்.

பெரிய மண்டபத்தில், முதலாம் நிக்கோலஸ் மன்னர் முன் பாரசீகத் தூதுக்குழு நிற்கிறது. 1829-ல் டெஹ்ரானில் ரஷ்யத் தூதரும் நாடக ஆசிரியருமான கிரிபயேதவை ஒரு கும்பல் கொன்றது. அதற்கு மன்னிப்பு கேட்க ஷாவின் பேரனே வந்திருக்கிறார். அந்த மன்னிப்போடு வந்ததாகச் சொல்லப்படும் 'ஷா' வைரம் இந்தியாவில் கிடைத்தது. அகமதுநகர் சுல்தான், ஷாஜகான், பாரசீக ஷா என மூன்று மன்னர்களின் பெயர் பொறித்த கல், இப்போது மாஸ்கோ கிரெம்ளினில் இருக்கிறது. மன்னிப்புக் கடிதம் வாசிக்கும் அந்தச் சடங்கைப் படம் அவசரமே இல்லாமல் காட்டும். கொட்டாவி வந்தாலும் வரலாம். வரிசையில் நிற்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

திறக்கக் கூடாத கதவு

ஒரு கதவின் முன் குரல் தயங்குகிறது. உள்ளே போக வேண்டாம் என்கிறது. ஐரோப்பியர் கேட்டால்தானே! தள்ளித் திறக்கிறார். உள்ளே தங்க நிறம் எல்லாம் போய், நீலமும் சாம்பலுமாக உறைந்து கிடக்கிறது. சுவரோரம் காலி சட்டங்கள். ஒரே ஒரு மனிதர் மரப்பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். தனக்கான சவப்பெட்டியைத் தானே செய்துகொண்டிருக்கிறார்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராடை (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) முற்றுகையிட்டிருந்த காலம் அது. 1941 செப்டம்பர் 8-ல் தொடங்கி 872 நாள்கள். பசியிலும் குளிரிலும் குண்டிலும் செத்தவர்கள் பத்து லட்சம் அளவில் இருப்பார்கள்.

போர் தொடங்கிய வேகத்தில் ஹெர்மிடேஜ் ஊழியர்கள் இரவு பகலாகப் பெட்டி கட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் இரண்டு ரயில்களில் யூரல் மலைப்பக்கம் ஸ்வெர்த்லாவ்ஸ்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது ரயில் கிளம்புவதற்குள் முற்றுகை இறுகிவிட்டது. ஓவியங்களைத்தான் எடுத்தார்கள். சட்டங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது எது எங்கே என்று தெரிய வேண்டுமே. நிலவறைகள் பதுங்குகுழிகளாக மாறின. இரண்டாயிரம் பேர் அளவில் அங்கே குடியிருந்தார்கள். அருங்காட்சியக வழிகாட்டி ஒருவர் ராணுவ வீரர்களைக் கூட்டிக்கொண்டு போய், காலிச் சட்டங்களைக் காட்டி, 'இங்கே இந்த ஓவியம், அதில் இந்த நிறம், இந்தப் பக்கம் இப்படி ஒரு கை' என்று இல்லாத ஓவியங்களை விவரித்தது இன்றும் அந்த ஊரில் பேசப்படும் கதை.

பிரபுக்களின் நகைச்சுவையும் ராணிகளின் ஓட்டமுமாகப் போய்க்கொண்டிருந்த படம், இந்த ஓர் அறையில் வேறாகிவிடுகிறது. சாதாரணப் படமாக இருந்தால் அடுத்த காட்சிக்கு வெட்டி நம்மைக் காப்பாற்றியிருக்கும். இங்கே வெட்டு கிடையாது. கேமரா திரும்பி நடந்துதான் வெளியே வந்தாக வேண்டும். ஒரே ஷாட் என்பது விளம்பர வித்தை இல்லை என்று புரியும் இடம் இதுதான்.

இதைவிடச் சின்னதாக, அமைதியாக ஒரு காட்சி உண்டு. மூன்று பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூவரும் ஹெர்மிடேஜின் இயக்குநர்கள். முற்றுகைக் காலத்தில் பொறுப்பில் இருந்த ஒர்பேலி, பிறகு வந்த போரிஸ் பியோத்ரோவ்ஸ்கி, அவர் மகன் மிகாயீல் பியோத்ரோவ்ஸ்கி. முதல் இருவரும் இறந்து போனவர்கள், நடிகர்கள் நடிக்கிறார்கள். மகனாக வருபவர் நிஜ மிகாயீல்தான். 1992 முதல் அந்த நாற்காலியில் இருப்பவர். செத்துப்போன அப்பாவோடு தன் அலுவலகக் கவலைகளைப் பேசும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

அந்தக் கவலைகள் சும்மா வந்தவை அல்ல. 'ஆர்க்' என்றால் பேழை. ஊழி வெள்ளத்தில் நோவா கட்டிய கப்பல். ஹெர்மிடேஜ் என்ற இந்தக் கப்பலில் ஓட்டை விழுந்ததும் உண்டு. 1930-31-ல் சோவியத் அரசு பணத் தேவைக்காக இங்கிருந்து 21 தலைசிறந்த ஓவியங்களை அமெரிக்கக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ மெலனுக்கு ரகசியமாக விற்றது. அவை இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் மாட்டியிருக்கின்றன. இனி கீழ்த்திசைப் பிரிவின் பொருள்களை விற்க வேண்டாம் என்று ஸ்டாலினுக்கே கடிதம் எழுதியவர், படத்தில் வரும் அதே ஒர்பேலி.

ஏறிய படிக்கட்டும், இறங்கிய படிக்கட்டும்

இந்த அரண்மனைக்கு சினிமா புதிதல்ல. புரட்சியின் பத்தாம் ஆண்டுக்காக செர்கேய் ஐஸன்ஸ்டைன் எடுத்த 'அக்டோபர்' (1928) இங்கேதான் படமானது. ஷாட்டோடு ஷாட்டை மோதவிட்டு அர்த்தம் உண்டாக்கலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐஸன்ஸ்டைன். அந்தப் படத்தில் இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கி அரண்மனைப் படிக்கட்டில் ஏறுவார். ஏறுவார், ஏறுவார், ஏறிக்கொண்டே இருப்பார். ஒரே ஏற்றத்தை வெட்டி வெட்டி ஒட்டி, மேலே போய்ச் சேராத ஒரு பதவி வெறியனாக அவரை ஆக்கிவிட்டார் ஐஸன்ஸ்டைன்.

சுகுரோவ் நேர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். சைபீரியாவின் இர்குட்ஸ்க் பகுதியில் 1951-ல் பிறந்தவர். சினிமாவுக்கு முன் வரலாறு படித்தவர். அவருடைய ஆரம்பப் படங்களை சோவியத் அரசு வருடக்கணக்கில் வெளியிடவிடவில்லை. அடுத்தவர் கையில் இருந்த கத்தரிக்கோலை அவ்வளவு பார்த்தவர், கத்தரிக்கோலே இல்லாமல் ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டதில் ஆச்சர்யமில்லை.

கடைசிப் பகுதி 1913-ன் அரச நடன விழா. மரீன்ஸ்கி தியேட்டர் இசைக்குழுவை நடத்துபவர் உலகப்புகழ் பெற்ற வலேரி கெர்கியேவ். கிளிங்காவின் மஸூர்கா இசைக்கு நூற்றுக்கணக்கான ஜோடிகள் சுழல, பியூட்னரின் கேமரா அவர்களுக்குள் புகுந்து புகுந்து வருகிறது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டே வந்த ஐரோப்பியரும் நடனத்தில் சேர்ந்துகொள்கிறார். ஏற்கெனவே ஒரு மணி நேரத்துக்கு மேல் 35 கிலோவைச் சுமந்து நடந்த மனிதர்தான் கேமராவை இப்படிச் சுழற்றுகிறார் என்பது அப்போது நினைவுக்கு வந்தால், நமக்கு முதுகு வலிக்கும்.

இசை நிற்கிறது. கூட்டம் ஜோர்டான் படிக்கட்டு வழியாக இறங்கத் தொடங்குகிறது. மாணவிகள், கிழட்டுத் தளபதிகள், காதலர்கள். தொப்பி தேடுகிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். அடுத்த வருடம் உலகப்போர், நான்காம் வருடம் புரட்சி என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஐஸன்ஸ்டைன் நூறு வெட்டுகளால் சொன்னதை, இங்கே ஒரு கூட்டம் வீட்டுக்குக் கிளம்புவதே சொல்லிவிடுகிறது.

ஆனால், ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. 1917-ல் இதே அரண்மனைக்குள் புகுந்த போல்ஷெவிக்குகள் எங்கே? இடைக்கால அரசின் அமைச்சர்களைக் கைது செய்த சாப்பாட்டு அறையில் கடிகாரத்தை அதிகாலை 2.10-ல் நிறுத்தி வைத்து நூறு வருடம் பாதுகாத்த நாடு அது. அந்த இரவு படத்தில் இல்லை. ஜார் குடும்பம் காலை உணவு சாப்பிடுவது இருக்கிறது, குட்டி இளவரசிகள் தாழ்வாரத்தில் ஓடுவது இருக்கிறது. அவர்கள் சுடப்படுவதற்கு வழிவகுத்த பசியும் கோபமும் கேமரா கண்ணில் படவே இல்லை. 1837-ல் தீயில் எரிந்த இந்த அரண்மனையை ஜார் அவசர அவசரமாகத் திரும்பக் கட்டியபோது செத்த தொழிலாளர்களைப் பற்றி நிஜ கஸ்தீன் தன் புத்தகத்தில் கொதித்து எழுதியிருக்கிறார். படம் அந்தப் பக்கத்தில் நிற்காமல் தாண்டிப் போகிறது. பழைய பிரபுக்களின் மேல் சுகுரோவுக்கு ஏக்கம் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அதில் நியாயம் இருக்கிறது. எந்தக் கதவைத் திறப்பது, எதைத் திறக்காமல் கடப்பது என்று தேர்ந்தெடுத்தாலே எடிட்டிங்தான். கத்தரிக்கோல் இல்லாமலும் வெட்டலாம்.

இருபது வருடங்களுக்குப் பிறகு அந்த மூவர்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழுவீச்சில் போர் தொடுத்த பிறகு, இந்தப் படத்தை மறுபடி பார்ப்பது வேறு அனுபவமாகிவிட்டது.

நடன விழாவில் கோலை அசைத்த கெர்கியேவ், போரைக் கண்டிக்க மறுத்ததால் 2022 மார்ச் 1-ம் தேதி ஜெர்மனியின் மியூனிக் ஃபில்ஹார்மோனிக் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். ஐரோப்பிய மேடைகள் ஒவ்வொன்றாக அவருக்கு மூடின. 2023 டிசம்பரில் ரஷ்யா அவரை மாஸ்கோவின் போல்ஷோய் தியேட்டருக்கும் தலைவராக்கியது.

அப்பாவோடு தாழ்ந்த குரலில் பேசிய மிகாயீல் பியோத்ரோவ்ஸ்கி, 2022 ஜூன் மாதம் ரஷ்ய அரசு நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில் போரை ஆதரித்துப் பேசினார். வெளிநாடுகளில் ஹெர்மிடேஜ் நடத்திய கண்காட்சிகளையே ஒருவகைப் படையெடுப்பாக வர்ணித்தார். அதற்கு முன்பே, மார்ச்சில், நெதர்லாந்தின் ஹெர்மிடேஜ் ஆம்ஸ்டர்டாம் உறவை முறித்துக்கொண்டிருந்தது. 2023-ல் அது பெயரையும் மாற்றிக்கொண்டது.

குரலுக்குச் சொந்தக்காரரான சுகுரோவ்? போருக்கு இரண்டு மாதம் முன்பு, 2021 டிசம்பரில், மனித உரிமைக் கவுன்சில் கூட்டத்தில் புதினிடமே, ரஷ்யாவோடு சேர்ந்திருக்க விரும்பாதவர்களைப் போகவிடலாமே என்கிற ரீதியில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஹிட்லர், ஸ்டாலின், முசோலினி, சர்ச்சில் நால்வரையும் பழைய ஆவணப்படக் காட்சிகளில் இருந்து எடுத்து மறுமையில் உலவவிட்ட அவருடைய 'ஃபேரிடேல்' படத்துக்கு, 2023-ல் ரஷ்யக் கலாசார அமைச்சகம் திரையிடும் அனுமதி தரவில்லை. இளமையில் படம் தடைபட்ட அதே நாட்டில், எழுபது வயதைத் தாண்டி மறுபடி தடை.

ஜெர்மன் ஒளிப்பதிவாளர், ஜெர்மன் தயாரிப்பாளர்கள், ரஷ்ய இயக்குநர், ரஷ்ய அரண்மனை என்று கூடி ஒரே நாளில் எடுத்த படம் இது. இன்றைக்கு அந்தக் கூட்டணியைக் கூட்ட முடியாது. ரஷ்யாவில் பிரம்மாண்டம் இருக்கிறது, ஆனால் அது யாருடையது, நாம் ஐரோப்பாவா இல்லையா என்று படம் முழுக்க ஐரோப்பியரும் குரலும் போட்ட சண்டை, இப்போது கேட்டால் சும்மா அரட்டையாகத் தெரியவில்லை.

முதல் முறை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இருபது நிமிடம் யார் யார் என்று புரியாது. போனை நிறுத்தித் தேடாமல், ஐரோப்பியரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தால் போதும். அவருக்கும் பாதி புரியாமல்தான் இருக்கிறது. கூடுமானவரை பெரிய திரையில் பாருங்கள். ஆறு இஞ்ச் திரையில் அந்த நடனக் கூட்டம் எறும்புப் புற்றாகிவிடும்.

கடைசியில் குரல் ஐரோப்பியரைக் கிளம்பக் கூப்பிடுகிறது. முன்னால் என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார். தான் இங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்கிறார். கூட்டம் அவரைத் தாண்டி வழிந்துபோகிறது. குரல் மட்டும் படிகளில் இறங்கி, பக்கவாட்டில் ஒரு கதவருகே வருகிறது. ஹெர்மிடேஜில் இருந்து வெளியே எட்டிப்பார்த்தால் நேவா நதி தெரிய வேண்டும். கதவு திறக்கிறது. நதி இல்லை, கரை இல்லை, நகரமும் இல்லை. சாம்பல் நிறத்தில் புகைந்துகொண்டிருக்கும் கடல் மட்டும்.